மோரிஸ் மைனரின் இடது கை

நீங்கள் சிரிப்பீர்கள், தெரியும். சிரித்துவிட்டே கேளுங்கள். பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் "முதல்ல போய் வயித்துக்கு மருந்து சாப்பிடு" என்று சொல்லிவிட்டு எழுந்து போகிற ஆள் நான். திருவனந்தபுரத்தில் சாலை பஜார் என்கிற கடைத்தெருவில் எங்களுக்கு ஹார்டுவேர் கடை. ஆணி, பூட்டு, கீல் என்று எல்லாம் கையில் அகப்படுகிற சாமான். கையில் அகப்படாத எதையும் நான் நம்பினதில்லை.

எனக்கு இருந்த ஒரே பைத்தியம் வண்டி. தொண்ணூறுகளில் ஊரே சின்னச் சின்னப் புது கார்களுக்கு மாறிக்கொண்டிருந்தபோது, நான் கரமனையில் ஒரு அம்மாளிடம் பழைய மோரிஸ் மைனர் ஒன்றை வாங்கினேன். அவர் கணவர் இறந்தபின் ஷெட்டில் தார்ப்பாய் மூடிக் கிடந்தது. கே.எல்.டி. என்று தொடங்கும் நம்பர், உருண்டு திரண்ட மட்கார்டு, நடுவில் ஒரு கம்பி வைத்து இரண்டாகப் பிரித்த முன்கண்ணாடி, சாம்பலும் பச்சையும் கலந்த நிறம். ஸ்டார்ட் செய்தால் இரையாது, தொண்டையைக் கனைத்துக்கொண்டு பேச ஆரம்பிக்கிற பெரிய மனுஷன் மாதிரி ஒரு சத்தம். சரோஜா, என் மனைவி, பிடிவாதம் பிடித்ததால் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தோம். "கிழவிக்கு எதுக்கு அத்தான் ரெண்டாம் கல்யாணம்?" என்று மச்சினன் கேலி செய்தான். செய்யட்டும். கோட்டை வாசல் வழியாக அந்த வண்டியில் போகும்போது பஸ்ஸில் இருப்பவன்கூடத் தலையை நீட்டிப் பார்ப்பான், எனக்கு அது போதும்.

அந்த வண்டிக்கு அழகே அதன் கைகள்தான். மினுக்கும் விளக்கு வராத காலத்து வண்டி அல்லவா, இரண்டு பக்கமும் கதவுகளுக்கு நடுவிலுள்ள தூணில், வண்டி திரும்பும் பக்கத்தைக் காட்ட ஒரு சின்னக் கை மடங்கிக் கிடக்கும். சுவிட்சைத் திருப்பினால் 'டக்'கென்று வெளியே நீளும், உள்ளே ஆரஞ்சு விளக்கு எரியும். வலது கை நன்றாக வேலை செய்தது. இடது கை வாங்கும்போதே செத்திருந்தது. மெக்கானிக் சுகுமாரன் எவ்வளவோ மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் அதன் வயரை அறுத்து, அதன் மேலேயே பெயிண்டையும் அடித்து மூடிவிட்டான். அப்படி ஒரு கை இருந்த அடையாளமே தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனக்காடு தேயிலை எஸ்டேட்டுக்குப் போனோம், சரோஜாவின் மாமா அங்கே வேலை பார்த்தார். எங்கள் மகள் கீதாவுக்கு அப்போது ஆறு வயது. தேயிலைச் செடிக்கு நடுவே ஓடி விளையாடிக்கொண்டிருந்தவள் அலறிக்கொண்டு வந்தாள், குளவி கொட்டியிருந்தது. சுண்ணாம்பு தடவினோம். கொஞ்ச நேரத்தில் உதடு வீங்கியது, கண் மூடிப்போனது, மூச்சு விசில் மாதிரி இழுக்க ஆரம்பித்தது. சரோஜா பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு பின்சீட்டில் ஏறினாள், நான் வண்டியை எடுத்தேன்.

அந்த மலை ரோடு உங்களுக்குத் தெரியாது, ரோடே கிடையாது, எல்லாம் குழியும் கல்லும். நம்பினால் நம்புங்கள், அந்தக் கிழட்டு வண்டி அன்றைக்கு இறங்கின இறக்கம் இருக்கிறதே, ஒரு இடத்தில் முனகவில்லை, ஒரு வளைவில் வழுக்கவில்லை. என் மனதில் ஒன்றே ஒன்றுதான், டவுனில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

மலை இறங்கியதும் இடப்பக்கம் ஒரு குறுகலான ரோடு பிரியும். நான் நேராகப் போக வேண்டியவன். அந்த ரோட்டுக்குள் போக எதிரே வந்த லாரி ஒன்று, பாதி திரும்பியதும் எனக்கு வழிவிடுவதுபோல் அப்படியே நின்றது, அதன் மூக்கு என் வழியை அடைத்துக்கொண்டது. நான் ஹாரனை அமுக்குகிறேன், கத்துகிறேன். டிரைவர் தலையை வெளியே நீட்டி, "கை காட்டியல்லோ சேட்டா, திரிச்சோ, திரிச்சோ!" என்று என் வண்டியின் பக்கவாட்டைச் சுட்டிக் காட்டினான், கை காட்டினது நான்தானாம், திருப்ப வேண்டியதும் நான்தானாம்.

திரும்பிப் பார்த்தேன். இடது கை நீண்டிருந்தது. ஆரஞ்சு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பட்டப்பகல், நல்ல வெயில், நான் குடிக்கிற ஆளும் இல்லை.

சண்டை போட நேரமில்லை. உள்ளே திருப்பினேன், எங்கேயாவது வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடலாம் என்று. எங்கே திருப்புவது, ரோடு அவ்வளவு ஒடுக்கம், பின்னாலேயே லாரியும் வந்துவிட்டது. திருப்ப இடம் தேடித்தான் திறந்திருந்த ஒரு கேட்டுக்குள் விட்டேன். அது ஒரு சின்ன டிஸ்பென்சரி. வராந்தாவில் நின்ற டாக்டரம்மா பிள்ளையைப் பார்த்ததும் செருப்புகூடப் போடாமல் ஓடி வந்தார்.

ஊசி போட்டபின் கீதாவின் மூச்சு மெல்ல மெல்ல அடங்கியது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன், வெட்கமே படவில்லை. "டவுன் வரைக்கும் கொண்டு போயிருந்தா..." என்று ஆரம்பித்த டாக்டரம்மா, சரோஜாவைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். வெளியே வந்து பார்த்தேன். கை மடங்கிவிட்டிருந்தது. அதைச் சுற்றி மட்டும் பெயிண்ட், பிளேடு வைத்துக் கீறினதுபோல் நேராக வெடித்திருந்தது.

மறுநாள் சுகுமாரன் தூணைத் திறந்து பார்த்தான். அறுத்த வயர் அறுத்தபடியே இருந்தது. "அண்ணாச்சி, இது எழும்பாது கேட்டோ, கரண்டே இல்லையே" என்றான். கரமனை அம்மாளிடம் போய், உங்கள் வீட்டுக்காரர் அந்தப் பக்கம் போவாரா என்று கேட்டேன். "அவரா? நெடுமங்காடு தாண்டினதே இல்லியே, மலைன்னா பயம்" என்றார். அதோடு நானும் விட்டுவிட்டேன். பிள்ளை பிழைத்தாள், அது போதாதா?

வருஷங்கள் ஓடிவிட்டன. கீதா காலேஜில் சேர்ந்த பிறகு ஒரு நாள், சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் சும்மா பேச்சுவாக்கில் கேட்டாள்.

"அப்பா, எனக்குக் குளவி கொட்டின அன்னைக்கு முன்சீட்ல உங்க பக்கத்துல ஒருத்தர் இருந்தாரே, திரும்பித் திரும்பி என்னைப் பாத்துக்கிட்டு. அவரு எங்க இறங்கினாரு?"

"எந்த ஆளு? முன்னாடி நான் மட்டும்தான் இருந்தேன். உனக்கு அப்ப நெனவே இல்ல மோளே" என்றேன்.

மோர் ஊற்றிக்கொண்டிருந்த சரோஜா தலை நிமிரவில்லை.

"அவரு இறங்கலையே" என்றாள் சரோஜா.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு, கடைக்கானாலும் கல்யாணத்துக்கானாலும், சரோஜா ஒரு நாள்கூட முன்சீட்டில் உட்கார்ந்ததில்லை. என்னை டிரைவராக்கிவிட்டு மகாராணிபோல வருகிறாள் என்று நான்தான் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

வண்டி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. நல்ல விலைக்குக் கேட்டார்கள், கொடுக்கவில்லை. வாராவாரம் நானே துடைக்கிறேன். முன்னாலுள்ள அந்த இடப்பக்க சீட்டுக்கு வரும்போது மட்டும், யாரும் பார்க்கவில்லையே என்று பார்த்துவிட்டு, "கொஞ்சம் நீங்கிக்கணும் சார்" என்று சொல்லிவிட்டுத்தான் துணியை வைக்கிறேன்.