முதலாம் எண் மாதேவி

மாதேவியைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை இல்லை. வேறு யாரும் எழுதப் போவதில்லை என்பதால் எழுதுகிறேன்.

எல்லையோரத்து ஹனூர்க்காரி. கணவன் கரியப்பன் குடகுக்குக் காப்பித் தோட்ட வேலைக்குப் போய், அங்கேயே இன்னொரு குடும்பம் அமைத்துக்கொண்டான். "போறவன் போவட்டும்" என்று அதை ஒரே வரியில் முடித்துவிட்டு மைசூருக்கு வந்தவள், அண்ணன் பஸ்ஸில் அனுப்பும் எலுமிச்சையைத் தேவராஜ மொஹல்லாவின் பின்சந்து ஒன்றில் பதினோரு வருஷம் விற்றாள். அந்தச் சந்தில் யாருக்கும் லைசென்ஸ் கிடையாது. ஆளுக்கொரு கல் இருந்தது. வீட்டுக்குப் போகும்போது சாக்கை மடித்து அதன்மேல் கல்லை வைத்துவிட்டுப் போவார்கள். எட்டு நாள் காய்ச்சலில் கிடந்தாலும் கல் இருக்கும் இடத்தில் இன்னொருவர் உட்கார மாட்டார்கள்.

1984இல் நான் நகரத் திட்டமிடலில் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் படிப்பில் வகுப்பைவிட ஸ்டுடியோதான் பெரிது. ஒரு பருவம் முழுக்க ஓர் இடத்தை அளந்து, வரைந்து, அதற்கு என்ன செய்யலாம் என்று 'ஜூரி' எனப்படும் தேர்வாளர்கள் முன்னால் நின்று வாதாட வேண்டும். நான் அந்தப் பின்சந்தை எடுத்துக்கொண்டேன். அங்கே இருப்பவர்களுக்குக் கூரையும் குழாயும் வாங்கித் தரப் போகிறேன் என்று மனசார நம்பினேன். இருபத்து மூன்று வயதில் அப்படியெல்லாம் நம்ப முடிந்தது.

என் அளவு டேப்பைப் பார்த்ததும் சந்து வாயை மூடிக்கொண்டது. டேப்பின் மறுமுனையைப் பிடித்தவள் மாதேவிதான். "படிக்கற புள்ளைங்க, பேரச் சொல்லுங்க" என்று ஒவ்வொரு சாக்கின் முன்னாலும் நிறுத்தினாள். ஆனால் அதற்கு முன் என்னிடம் ஒன்று கேட்டாள்.

"இந்தப் பேரையெல்லாம் ஆருக்குக் காட்டுவே அம்மிணி?"

"என் நோட்டை விட்டு வெளியே போகாது, மாதேவிக்கா."

டேப்பின் முனையைக் கையில் எடுத்துக்கொண்டாள். "அப்ப என்ற பேர மொதல்ல எழுதிக்கோ." முதலாம் எண் அவள். மொத்தம் நாற்பத்திரண்டு பேர்.

தேர்வுக்கு முந்தின வாரம் பேராசிரியர் கணபதிராமன் என் மேஜைக்கு வந்து வரைபடத்தைப் பார்த்தார். "வெறும் புள்ளியா வெச்சிருக்கியேம்மா, இதுக்கெல்லாம் என்ன ஆதாரம்? பேரைப் போடு. லைசென்ஸ் உண்டா இல்லையான்னும் போடு."

"பேர் வெளியில வராதுன்னு சொல்லியிருக்கேன் சார்."

"ஜூரி முன்னாடி நிக்கப் போறது நீயா, அவாளா?"

அவர் என் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை. எனக்கு முதலிடம் வேண்டியிருந்தது. ஓர் இரவு பகல் உட்கார்ந்து நாற்பத்திரண்டு பெயரையும், லைசென்ஸ் இல்லை என்பதையும் மையில் எழுதினேன். மேலே 'இடம் வேண்டுவோர்' என்று தலைப்பு, கீழ் மூலையில் 'சுலோசனா' என்று என் பெயர். முதலிடம் கிடைத்தது. வரைபடம் துறையிலேயே இருக்கட்டும் என்றார் கணபதிராமன். அவர் மாநகராட்சி அலுவலகத்துக்குச் சாலை அகலப்படுத்தும் ஆலோசகராகவும் இருந்தார் என்பது எனக்குத் தெரியாது.

அடுத்த மாதம் அந்த அலுவலகத்து ஆள் ஒருவன் என் வரைபடத்தின் பிரதியோடு சந்துக்கு வந்து, எண் வரிசைப்படி பெயர்களைக் கூப்பிட்டுக் காலி செய்யச் சொன்னான். முதலில் கூப்பிட்டது மாதேவியை.

கேள்விப்பட்டு ஓடிப்போய் அந்தப் பிரதியைப் பார்த்தேன். கோடுகள் என்னுடையவை, எழுத்து என்னுடையது. தலைப்பு மட்டும் 'ஆக்கிரமிப்பாளர்கள்' என்று மாறியிருந்தது. மூலையில் என் பெயரை எடுத்துவிட்டிருந்தார்கள். நேராகக் கணபதிராமனிடம் போய்க் கேட்டேன். "உன் ஷீட் உபயோகமாச்சேன்னு சந்தோஷப்படேன்" என்றார். அவரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. ஆனால் அவர் எனக்குச் செய்ததை நான் மாதேவிக்கு முதலிலேயே செய்துவிட்டேன் என்பது அன்று வீட்டுக்கு நடக்கும்போதுதான் உறைத்தது.

சில நாள் கழித்துத் தேடிப் போனேன். விரட்டப்பட்டவர்கள் இரண்டு தெரு தள்ளி இன்னொரு சந்தில் கல் வைத்திருந்தார்கள். மாதேவி மட்டும் அந்தச் சந்து முனையில் கூடையைத் தரையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"உங்க கல் எங்கக்கா?"

"வெச்சேன். எடுத்து வீசிட்டாங்க. ஆபீஸ்காரியக் கூட்டியாந்தவளுக்கு எடமில்லியாமா."

"நான் ஆபீஸ்காரி இல்லை, எல்லாம் என் தப்புன்னு நானே போய்ச் சொல்றேன்."

"படிக்கற புள்ளைன்னு நானுஞ் சொல்லிப் பாத்தேன். அந்தப் பேப்பர்ல உன்ற பேரே இல்லியேங்கறாங்க." சேலைத் தலைப்பைச் சுருட்டித் தலையில் சும்மாடாக வைத்துக்கொண்டாள். "மொதல்ல என்ற பேருதான் இருக்குது."

இனித் தெருத் தெருவாகச் சுமந்துதான் விற்க வேண்டும். நிறைந்த கூடையைத் தலைக்கு ஏற்ற இன்னொரு ஆளின் கை வேண்டும். நான் குனிந்து கூடையின் விளிம்பைப் பிடித்தேன். அவள் தன் பக்கத்தைப் பிடிக்கவில்லை. நான் கையை எடுக்கும்வரை காத்து நின்றாள். பிறகு அந்த வழியாக வந்த முன்பின் தெரியாத ஒருவரிடம், "ஏனுங்க, கொஞ்சம் தூக்கி உடுங்க" என்றாள்.