வலை இருந்த விளிம்பு

என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியாது. சாப்பிடும்போதே எழுந்துபோய் கேஸை அணைத்தேனா என்று பார்ப்பேன். கையில் எதைக் கொடுத்தாலும் முதலில் அதன் ஓரத்தைத்தான் தடவுவேன். குமாரபாளையத்தில் தறி ஓட்டும் குடும்பத்தில் பிறந்தவள் நான். எங்கள் வீட்டில் துணியை விரிப்பதற்கு முன்பே ஓரத்தைப் பார்த்துவிடுவார்கள். ஓரம் இழுத்துக்கொண்டிருந்தால், நடுவில் என்ன வேலைப்பாடு இருந்தாலும் அந்தத் துணி தேறாது. கல்யாணமாகித் திருச்செங்கோடு வந்து, ஒரு டவல் கம்பெனியில் செக்கிங் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கேயும் ஓரம்தான். அதனால் பழைய காசு சேர்க்கும் கிறுக்கு பிடித்தபோது, மற்றவர்கள் தலையையும் பூவையும் பார்க்க, நான் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த ரஷ்யக் காசு சேலத்தில் ஒரு நாணயக் கண்காட்சியில் கிடைத்தது. வெளிநாட்டுச் செப்புக்காசுகளைக் குவித்து வைத்திருந்த ஒருவரிடம், குவியலுக்கு அடியில் கிடந்தது. உள்ளங்கையை அடைத்துக்கொள்ளும் அளவு பெரியது, நல்ல கனம். ஒரு பக்கம் இரட்டைத்தலைக் கழுகு, மறுபக்கம் ஒரு மகாராணியின் பெயரெழுத்து. அந்த மகாராணிக்கு முன்பு ஆண்டவர் அவருடைய கணவர். அவர் செப்புக்காசுகளின் மதிப்பை இரட்டிப்பாக்கி வைத்தார். கணவரை இறக்கிவிட்டு அரியணை ஏறிய மகாராணி, அந்தக் காசுகளையே திரும்ப வாங்கி, அவற்றின் மேலேயே புது அச்சைக் குத்த வைத்தார். அப்படி மறுபடி அடித்தபோது சில காசுகளுக்கு விளிம்பையும் புதிதாக உருட்டினார்கள். அவசரத்தில் செய்த வேலை எப்போதும் சுத்தமாக இருக்காது. சிலவற்றில் பழைய விளிம்பு முழுதாக அழியாமல் புதியதற்கு அடியில் தங்கிவிட்டது. அந்த மாதிரிப் பிழைகளைத் தேடித் திரிகிற கூட்டம் ஒன்று உலகம் முழுக்க இருக்கிறது. அதில் நானும் ஒருத்தி.

என் காசின் விளிம்பில் சாய்ந்த கோடுகள் இருந்தன. லென்ஸ் வைத்துப் பார்த்தால், அவற்றுக்கு அடியில் மெல்லிய வலை தெரிந்தது. குறுக்கும் நெடுக்குமாக, மீன்வலை போல. புதுக் கோடுகளுக்கு அடியில் தங்கிவிட்ட பழைய விளிம்பு அதுதான்.

போட்டோ எடுத்து எங்கள் வாட்ஸப் குழுவில் போட்டேன். விளிம்பைச் செல்போனில் படம் பிடிப்பது லேசான காரியம் இல்லை. வெளிச்சம் ஒரு பக்கம் அடித்தால் மறுபக்கம் மறைந்துவிடும். குழுவில் எல்லாரும் மதிக்கும் சென்னைக்காரர் ஒருவர் உண்டு. ரஷ்யக் காசுகளிலேயே ஊறியவர். "கீறலையெல்லாம் வலைன்னு சொல்லாதீங்க மேடம்" என்று பதில் போட்டார். அதற்குக் கீழே வரிசையாகச் சிரிக்கும் பொம்மைகள். அந்தக் குழுவில் நான் ஒருத்திதான் பெண். கீறலுக்கும் கோட்டுக்கும் வித்தியாசம் தெரியாமலா நான் இத்தனை வருஷம் டவல் பார்க்கிறேன்? எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. வேறு வெளிச்சத்தில், வேறு கோணத்தில் மறுபடி மறுபடி படம் போட்டேன். "கோடு தெளிவா இல்லையே" என்று மட்டும் எழுதினார். கடைசியில், அடுத்த கண்காட்சிக்குச் சேலம் வருவதாகவும், காசை நேரில் பார்த்துச் சொல்வதாகவும் ஒப்புக்கொண்டார்.

கண்காட்சிக்கு முந்தின வாரம் நான் வீட்டில் யாரையும் நிம்மதியாக விடவில்லை. குழம்பில் உப்பு இரண்டு தடவை போட்டேன். லென்ஸோடு ஜன்னலுக்கும் வாசலுக்குமாக நடந்தேன். என் வீட்டுக்காரருக்கு ரிக் வண்டிகளுக்கு வேலை செய்யும் லேத் பட்டறை சொந்தமாக இருக்கிறது. போர்வெல் போடும் ராடுகளின் மரை தேய்ந்தால் அவரிடம்தான் கொண்டுவருவார்கள். தேய்ந்ததைச் சீவி, புது மரை வெட்டி, வந்ததைவிட நன்றாகத் திருப்பிக் கொடுப்பார். தேய்ந்த பொருளைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவரால் முடியாது.

"ஏன் அம்மிணி, அதுக்குப் போயி இப்படி அலட்டிக்கிற?" என்றார் ஒரு நாள்.

"கோடு தெளிவா இல்லீங்கறாங்க. நேர்ல கொண்டுபோய்க் காட்டோணும்" என்று எரிந்து விழுந்தேன். அவர் காசை வாங்கி, வெளிச்சத்தில் ஒரு சுற்று திருப்பிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். அத்தோடு விட்டுவிட்டார் என்று நினைத்தேன்.

கண்காட்சி அன்று காலை நான் சேலை மடிப்பு எடுத்துக்கொண்டிருந்தபோது, காசை ஒரு புதுத் துணியில் சுற்றி என் கையில் வைத்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். பிரித்தேன். விளிம்பு பளபளவென்றிருந்தது. சாய்ந்த கோடுகள் வரிசை பிசகாமல், ஒரே ஆழத்தில், ஒரே இடைவெளியில் ஓடின. கைப்பிடி வழுக்காமல் இருக்க லேத்தில் கோடு போடுவார்களே, அந்த நர்லிங்.

"நேத்து நீ கம்பெனிக்குப் போனப்ப எடுத்துட்டுப் போனேன். செம்பு நெம்ப மெதுசு, நசுங்கிப்போயிருமேன்னு ரெண்டு பக்கமும் தகடு வெச்சுப் புடிச்சேன். இப்ப எவன் தெளிவா இல்லைங்கறான்னு பாக்கலாம்."

கத்தியிருக்க வேண்டும். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு கத்த முடியவில்லை. "போயிட்டு வாரேனுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். புதுக் கோடுகளுக்கு அடியில் எங்காவது ஒரு துளி வலை மிச்சம் இருக்காதா என்ற நப்பாசை. சங்ககிரி தாண்டும்வரை லென்ஸை வைத்துத் துழாவினேன். பக்கத்து சீட்டு அம்மாள் நகை அடகு வைக்கப் போகிறேன் என்று நினைத்திருப்பார்.

சென்னைக்காரர் மரியாதையாகத்தான் பேசினார். காசை வாங்கி, மெதுவாக முழுச் சுற்றும் பார்த்தார்.

"இது லேத்ல போட்டது மேடம். புத்தம் புதுசு."

"இதுக்கு முன்னாடி வலை இருந்துச்சுங்க."

"இருந்திருக்கலாம். இல்லாமலும் இருந்திருக்கலாம். இனி யாராலயும் சொல்ல முடியாதே."

பக்கத்தில் நின்றவர், யார் இந்த வேலையைச் செய்தது என்று கேட்டார். எங்கள் வீட்டுக்காரர் என்றேன். கூட்டமாகச் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. "வேல சுத்தமாத்தானுங்க இருக்குது. நீங்க ஒருக்கா இப்படிப் போட்டுக் காட்டுங்க பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் காசைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தேன். பஸ்ஸில் உட்கார்ந்ததும் அதே வீட்டுக்காரர்மேல் ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. காசு போனதுகூடப் பரவாயில்லை. நான் பார்த்தது நிஜம் என்று சொல்ல இனி ஒரு ஆள் கிடைக்கமாட்டார். கொஞ்ச நாள் போனால் எனக்கே சந்தேகம் வந்துவிடும். அதை நினைத்தபோதுதான் அழுகை வந்தது.

திருச்செங்கோடு பஸ் ஸ்டாண்டில் வண்டியோடு காத்திருந்தார்.

"என்ன சொன்னாங்க?"

எல்லாவற்றையும் கொட்டினேன். அடியில் இருந்த வலைதான் விஷயம், அந்தப் பிழைக்குத்தான் மதிப்பு, அதைச் சீவி எறிந்துவிட்டீர்கள் என்று, நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி சொன்னேன். அவர் வண்டிச் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அந்தக் கட்டம் கட்டமா இருந்துச்சே, அதா?" என்றார்.

வலை என்றுதான் சொல்லியிருந்தேன். கட்டம் என்று சொல்லவில்லை.

"சாஞ்ச கோட்டுக்கு அடியில இருந்துச்சு. ஒரு பக்கம் மட்டும், கழுகோட வாலுக்கு நேரா, மேல கோடே ஓடாம கட்டம் மட்டும் தனியாத் தெரிஞ்சுது. செதஞ்சுபோன பழைய வேலைன்னு நெனச்சுப்போட்டேன் அம்மிணி. அது போறதுக்குத்தான் இன்னொரு கட் ஆழமாப் போட்டேன். சீக்கிரம் போகல. அழுத்தமா இருந்துச்சு."

கழுகின் வாலுக்கு நேராக. அந்த இடம் எந்தப் படத்திலும் சரியாக விழவில்லை; நேரில் காட்டி அசத்த வேண்டும் என்று, குழுவில்கூட யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

கோபம் போய்விட்டது என்று சொன்னால் பொய். வண்டியில் பின்னால் ஏறி உட்கார்ந்து, "இன்னொருக்காச் சொல்லுங்க" என்றேன். ரோட்டைப் பார்த்துக்கொண்டே மறுபடி சொன்னார். வீடு போய்ச் சேரும்வரை அதையே திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தேன்.