மூன்று முறை கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தேன்

மலேசியாவில், எங்கள் சிகாமட்டில், கிளினிக்குக்குப் போனாலும் வங்கிக்குப் போனாலும் யாரும் நம் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. துண்டுச் சீட்டில் ஓர் எண் தருவார்கள். அது திரையில் சிவப்பாக மின்னினால் எழுந்து போக வேண்டும். வந்து இருபது வருஷம் ஆகிறது, பழகிவிட்டேன். ஆனாலும் கூப்பிடாமல் எப்படி உள்ளே போவது என்று எனக்குள் ஒருத்தி முனகிக்கொண்டேதான் இருப்பாள். அவள்தான் என் வீட்டுக்கே உலை வைத்தாள்.

வீடு மாமனார் கட்டியது. ஆற்று வெள்ளம் புகுந்தபோதெல்லாம் சேற்றை வழித்துக் கழுவியது நானும் என் கணவரும். அவர் இறந்த பிறகு, என்னையும் மகளையும் வெளியேற்ற அவருடைய அண்ணன் வழக்குப் போட்டார். "நேத்து இந்தியாவுலேருந்து வந்தவளுக்கு எங்கப்பா வீடா?" என்று வாசலில் நின்று கத்தினார். கீழ்க்கோர்ட்டில் என் வக்கீலே வந்து என்னை உள்ளே அழைத்துப் போவார்; அங்கே அண்ணன்தான் ஜெயித்தார். மறுபடி வக்கீல் வைக்க வசதியில்லாமல் நானே ஜொகூர் பாருவில் மேல்முறையீடு செய்தேன்.

விசாரணை அன்று எல்லோருக்கும் முன்னால் போய்க் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். சிறுவயதில் அப்பாவோடு பரமக்குடி கோர்ட்டுக்குப் போன பழக்கம் அது. அங்கே கட்சிக்காரர்கள் மரத்தடியில் இருப்பார்கள். டவாலி போட்ட கோர்ட் சேவகர் வராந்தாவுக்கு வந்து பெயரை மூன்று முறை தெருவுக்கே கேட்கும்படி கூவுவார். அதற்கு முன் உள்ளே தலைகாட்டினால் வசவுதான். அந்தக் குரலுக்காக நானும் மதியம் வரை காத்திருந்தேன், தண்ணீர் குடிக்கக்கூட எழவில்லை. கடைசியில் கோர்ட் மொழிபெயர்ப்பாளர் கதவைச் சாத்த வந்தாள். நம் தமிழ்ப் பெண்.

"ஆன்ட்டி, நீங்க இங்கயா உக்காந்திருந்தீங்க? உங்க கேஸ் காலையிலயே தள்ளுபடி ஆயிருச்சே. நீங்க வரலன்னு எழுதிட்டாங்க."

"யாரும் கூப்பிடலையேம்மா?"

"அலமாக்! உள்ள வந்து பேர் குடுக்கணும் லா. யாரு வெளிய வந்து கத்துவாங்க?"

அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

மறுபடி விசாரிக்கச் சொல்லி மனு போடலாம் என்று அவளே சொன்னாள். மனு எழுதித் தருபவர் நான் சொன்ன காரணத்தைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இத யாரு நம்புவாங்க? காய்ச்சல்னு டாக்டர் சீட்டு வாங்கிட்டு வாங்க, சுலபமா முடிஞ்சுரும்." மாட்டேன் என்றேன். கதவுக்கு வெளியே அத்தனை நேரம் இருந்தவள், வரவேயில்லை என்று நானே எப்படி எழுதிக் கொடுப்பேன்? நடந்ததை நடந்தபடியே எழுதச் சொன்னேன்.

மனு விசாரணைக்கு வந்த அன்று கணவருடைய அண்ணனின் வக்கீல் எழுந்தார். இருபது வருஷமாக இந்த நாட்டில் இருப்பவருக்கு இதுகூடத் தெரியாதா என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டுக்கு நான் நேற்று வந்தவள், கோர்ட்டுக்கு இருபது வருஷத்துக்காரி. இரண்டையும் சொல்வது ஒரே தரப்பு.

நீதிபதி மலாய் மொழியில் கேட்டதை அந்தப் பெண் தமிழில் சொன்னாள். "வெளிய வந்து கூப்பிடுவாங்கன்னு எப்படி நெனச்சீங்க?"

"எங்க ஊர்ல அப்படித்தாங்க கூப்பிடுவாங்க."

"இப்ப எங்க இருக்கீங்க?"

"சிகாமட்டுல, எங்க வீட்டுல."

அது எங்க ஊர், இது எங்க வீடு என்று அடுத்தடுத்துச் சொல்லிவிட்டேன். இரண்டுமே பொய்யில்லை.

மேல்முறையீட்டை மறுபடி விசாரிக்க நீதிபதி உத்தரவிட்டார். வீடு இன்னும் என்னுடையதாகிவிடவில்லை, என் பக்கத்தைச் சொல்ல ஒரு நாள் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். அந்த விசாரணைக்கு எல்லோருக்கும் முன்னால் உள்ளே போய்ப் பெயர் கொடுத்துவிட்டு முன் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வேன். காது மட்டும் நான் சொன்னபடி கேட்காது. அது கதவுக்கு வெளியேதான் இருக்கும்.