செல்லக்கனி சொல்லாமல் போன முடிச்சு

ஆதாரம் இணைக்காத மனுவை முப்பது வருடம் திருப்பி அனுப்பியவன் நான். கலெக்டர் ஆபீசில் பட்டாசு உரிமப் பிரிவின் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றேன். ஞாயிறு தவறாமல் சபைக்குப் போவேன், ஆனால் யாராவது சாட்சி சொல்ல எழுந்தால் கைக்கடிகாரத்தைப் பார்ப்பேன். அப்படிப்பட்டவன் சொல்கிறேன். நீங்கள் நம்ப மாட்டீர்கள், தெரியும். உங்கள் இடத்தில் இருந்தால் நானும் 'மேல்நடவடிக்கை தேவையில்லை' என்று எழுதிக் கோப்பை மூடியிருப்பேன்.

பாம்பு கடித்ததற்குக் காரணம் நானேதான். மூன்று வருடத்தில் அழித்துவிட வேண்டிய கோப்பு நகல்களை, என்றாவது யாராவது கேட்பார்கள் என்று ஆமத்தூர் வீட்டுச் சாமான் அறையில் கட்டுக் கட்டாக அடுக்கி வைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. எலி வந்தது. எலிக்குப் பின்னால் நல்ல பாம்பு வந்தது. ஒரு மத்தியானம் அந்த அடுக்குக்குப் பின்னால் இடது கையை விட்டேன்.

அதற்கு மேல் செய்ய வேண்டியது அனைத்தும் எனக்குத் தெரியும். மோதிரத்தைக் கழற்றினேன். கட்டுப் போடவில்லை, கீறவில்லை. கடித்த நேரத்தை முன்கையில் பேனாவால் எழுதிக்கொண்டிருந்தேன், அதற்குள் என் மனைவி கிரேஸ் ஆட்டோவோடு வந்துவிட்டாள்.

"பாம்பு கடிச்சிருக்கு, இங்கன நின்னு மணி எழுதுறீக. கீழ கையெழுத்தும் போட்டுட்டு வாங்க."

விருதுநகர் போய்ச் சேர்வதற்குள் இமைகள் இறங்கிவிட்டன. நாக்கு தடித்தது. பிறகு மூச்சு விடும் வேலையை ஓர் இயந்திரம் எடுத்துக்கொண்டது. தொண்டையில் குழாய். கண் திறக்க முடியவில்லை, விரல் அசையவில்லை, காது மட்டும் கேட்டது. அந்த விஷம் சில பேருக்கு அப்படிச் செய்யும். வெளியே பிணம் போல் கிடப்பான், உள்ளே ஆள் விழித்திருப்பான். இதுவரை எல்லாம் மருத்துவம்தான்.

அடுத்த படுக்கையிலிருந்து ஒரு பெண் பேசினாள்.

"அண்ணாச்சி, பயப்படாதீக. எனக்கும் பாம்புதான். பேரு செல்லக்கனி, தாயில்பட்டி. முந்தி சரவெடி பின்னுவேன், தடை வந்தப்புறம் பெட்டி ஒட்டுறேன். எம்புட்டு நேரந்தான் சும்மா கெடப்பீக, மனசுக்குள்ளயே பின்னுங்க. மூணு இழை. ஓரத்து இழைய அடியில விட்டு நடுவுல கொண்டாங்க. இறுக்குங்க. விரல மட்டும் விட்டுறக் கூடாது. விரலு போச்சுன்னா நமக்கு என்ன இருக்கு."

சரம் பின்னும் அறையில் எத்தனை பேர் உட்காரலாம், எத்தனை கதவு வேண்டும் என்று விதி எண்ணோடு சொல்வேன். ஒரு திரியைத் தொட்டதில்லை. வேறு போக்கிடம் இல்லாததால் மனத்துக்குள் பின்னினேன். தப்பாகப் போகும்போதெல்லாம் அவள் திருத்தினாள். "இழை மேல போகுது பாருங்க. ஆபீசர் கைக்கு அம்புட்டு அவசரம்." மனத்துக்குள் பின்னுவது அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாம் நாள், "கடைசி முடிச்சு கொஞ்சம் சூட்சுமம். நாளைக்குச் சொல்றேன் அண்ணாச்சி," என்றாள். அதற்குப் பிறகு குரல் வரவில்லை.

குழாயை எடுத்ததும் நர்ஸிடம் முதலில் கேட்டது அவளைப் பற்றித்தான்.

"செல்லக்கனி அம்மாவா? தவறிட்டாங்க சார். முதல்ல மந்திரிக்கக் கூட்டிட்டுப் போயிருக்காக, லேட்டாத்தான் கொண்டு வந்தாக."

"ரெண்டு நாளா என்கிட்டப் பேசிக்கிட்டே இருந்தாங்களே."

"அவங்களுக்கும் தொண்டையில குழாய் சார். வந்ததுல இருந்து ஒரு வார்த்தை பேசல. இங்க சத்தம் போட்டது மெஷின் மட்டுந்தான்."

மருந்து மயக்கம், பேரும் ஊரும் டாக்டர்கள் பேசும்போது காதில் விழுந்திருக்கும் என்று முடிவு செய்து கோப்பை மூடினேன். யாரிடமும் சொல்லவில்லை, கிரேஸிடம்கூட.

உயிர் வந்தது, இடது கை வரவில்லை. சுண்டுவிரலும் மோதிர விரலும் உள்ளங்கைக்குள் மடங்கிக்கொண்டன. நரம்பு பழுது. சூடான டம்ளரில் பட்டுக் கொப்புளம் போட்டதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். இடது கை என்பது ஆபீஸ் உதவியாளர் மாதிரி, விடுப்பில் போன பிறகுதான் அவர் என்ன வேலை பார்த்தார் என்று தெரியும். சட்டைப் பொத்தானை கிரேஸ்தான் போட்டுவிட்டாள். பயிற்சிக்குப் பந்து கொடுத்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் இரண்டு மாதத்தில் அசையாவிட்டால் விரல்கள் இப்படியே நின்றுவிடும் என்றார் டாக்டர். அன்றைக்குத்தான் நான் பயந்தேன். பாம்பு கடித்தபோதுகூட அப்படிப் பயப்படவில்லை.

அந்தக் கோப்புகளை எரித்துவிடலாம் என்று ஒரு மத்தியானம் கிரேஸும் நானும் கட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தோம். அவிழ்த்த நூல் என் மடியில் கிடந்தது. கிரேஸ் திடீரென்று பேச்சை நிறுத்தினாள். அவள் பார்த்த இடத்தில் நானும் பார்த்தேன்.

என் இடது கை பின்னிக்கொண்டிருந்தது. ஐந்து விரலும். வலது கை சும்மா பிடித்துக் கொடுத்தது. எனக்கு எந்த உணர்வும் இல்லை, யாரோ வேலை செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது போல இருந்தது. அத்தனை நேர்த்தியான வேலையை என் உடம்பு அதற்கு முன் செய்ததே இல்லை.

"நீங்களா செய்றீக?"

"இல்ல," என்றேன்.

நூல் தீர்ந்ததும் விரல்கள் நின்றன. அன்று சாயங்காலம் சுண்டுவிரலில் எறும்பு ஊர்வது போலத் தொடங்கியது. மறுவாரம் பொத்தானை நானே போட்டேன். திரும்பத் திரும்பச் செய்த பயிற்சியின் பலன் என்றார் டாக்டர். இருக்கட்டும்.

பக்கத்து வீட்டு முத்துமாரி பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போகிறவள். முருங்கைக்காய் கொடுக்க வந்தவள் அந்தப் பின்னலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது யாரு சார் பின்னுனது?"

"ஏன்?"

"தடைக்கு முந்தி எல்லாரும் இழைய மேல போட்டுத்தான் பின்னுவோம். இது அடியில விட்டுப் பின்னுனது. எங்க ஷெட்டுல ஒரே ஆளுதான் இப்படிப் பின்னும், போர்மேன் வையாத நாள் இல்ல. செல்லக்கனியக்கா. பாம்பு கடிச்சுச் செத்துப்போச்சு, பாவம்."

கிரேஸ் என்னைப் பார்த்தாள். நான் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது இடது கை எல்லா வேலையும் பார்க்கிறது. நூல் கிடைத்தால் பின்னுகிறது. கடைசி முடிச்சு எப்படிப் போடுவது என்று முத்துமாரி பல தடவை காட்டிக்கொடுத்தாள், வலது கை கற்றுக்கொண்டுவிட்டது. ஆனால் இழை முடியும் இடம் வந்ததும் அந்த இரண்டு விரலும் பழையபடி மடங்கி மரத்துப்போகின்றன. பின்னலைக் கீழே வைத்தால்தான் திரும்பவும் உயிர் வருகிறது.

ஒருநாள் கீழே வைக்காமல் காத்திருந்து பார்த்தேன். மத்தியானத்திலிருந்து விளக்கு வைக்கும்வரை. விரல்களும் காத்திருந்தன.