எனக்குத் தண்ணீரில் கண்டமாம்

போன வருடம் பங்குனி மாதம். தூத்துக்குடிக்குத் தெற்கே, ஆறு கடலில் சேரும் இடத்தில் இருக்கும் ஒரு சின்னப் படகுக்கார ஊருக்கு நானும் என் வீட்டுக்காரரும் அவருடைய அக்காவும் இரண்டு நாள் தங்கப் போயிருந்தோம். போகவே கூடாது என்று என்னை மறித்தவர்கள் ஒருவர் இருவர் இல்லை. காரணம் என் ஜாதகம்.

நான் பிறந்தது பரளச்சி. பிறந்ததும் ஜாதகம் கணித்தவர், 'தண்ணீரில் கண்டம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டார். கண்மாய் நிறைந்தாலே அதிசயமாகப் பேசிக்கொள்ளும் ஊரில் பிறந்த பிள்ளைக்குத் தண்ணீரில் கண்டமாம். சிரிப்பதா அழுவதா, நீங்களே சொல்லுங்கள். ஆனால் எங்கள் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. என் வயதுப் பிள்ளைகள் இடுப்பில் காலி கேனைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக் கிணற்றில் குதித்தபோது, நான் மோட்டார் ரூம் நிழலில் அவர்கள் துணிமணிக்குக் காவல் இருந்தேன். திருச்செந்தூர் போனால் எல்லோரும் கடலில் முங்குவார்கள்; எனக்கு மட்டும் செம்பில் மொண்டு வந்து தலையில் தெளிப்பார்கள்.

கல்யாணமாகிப் பந்தல்குடி வந்தேன். ரோட்டோரத்தில் தார்ப்பாயும் கயிறும் விற்கிற கடை எங்களுடையது. உப்பு லாரிகள் நாள் முழுக்க வாசலில் போகும். அப்படிக் கயிறு வாங்க நின்ற டிரைவர் ஒருவர்தான் அந்த ஊரைப் பற்றிச் சொன்னார். ஆறு கடலில் விழும் வாய்க்கு முன்னால் மணல்மேடு மறித்துக்கொள்வதால் அலை உள்ளே வராதாம். ஆறு குளம் மாதிரி அசையாமல் கிடக்குமாம். வீட்டு மாடியில் ரூம் வாடகைக்கு விடுவார்களாம், படகில் சுற்றிக் காட்டுவார்களாம். சாவதற்குள் ஒரு தடவை படகில் ஏறிவிட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

மதினி, அதாவது வீட்டுக்காரரின் அக்கா, கூட வந்ததே என்னைக் காவல் காக்கத்தான். "நீ பாட்டுக்கு எறங்கிட்டேன்னா, நாளைக்கு உங்க வீட்டுக்கு யாரு பதில் சொல்றது?" என்று கிளம்பும்போதே ஆரம்பித்துவிட்டார்.

மறுநாள் காலையில் படகுக்காரர் படகைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் ஒரு காலைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டேன். மதினி என் சேலையைப் பிடித்து இழுத்துவிட்டார். "ஏத்தாத தம்பி, இவளுக்குத் தண்ணியில கண்டம் இருக்கு." கரையில் இருந்தவர்கள் எல்லாம் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். வீட்டுக்காரரோ வானத்தைப் பார்த்தார். எனக்கு அவமானத்தில் உடம்பெல்லாம் எரிந்தது. படகுக்காரர் வேறு ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

என்னைச் சமாதானப்படுத்த மதினி ஒரு வழி கண்டுபிடித்தார். ஆற்றுக்கு நடுவே தண்ணீர் வற்றி, வெள்ளையாய் மணல் திட்டு தெரிந்தது. "அந்தா பாரு, வத்திக் கெடக்கு. அதுல போயி உக்காந்து பாப்போம். படகு எதுக்கு?" கரண்டைக்கால் அளவுத் தண்ணீரில் நடந்து மூன்று பேரும் போனோம். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதுதான் கணக்கு. கண்மாய் வற்றிவிட்டால் வற்றியதுதான். அடுத்த ஐப்பசி மழை வரைக்கும் அதில் ஆடு மேயும், பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். போன தண்ணீர் அன்றைக்கே திரும்பி வரும் என்று எங்களில் யாருக்குத் தெரியும்?

கடையிலிருந்து கொண்டுபோன நீலத் தார்ப்பாயை விரித்து, புளிச்சோற்றுத் தூக்குவாளியைத் திறந்தோம். சாப்பிட்டு முடிக்கும்போது தார்ப்பாய் ஓரம் நனைந்திருந்தது. நான் தண்ணீர் கேனைச் சாய்த்துவிட்டேன் என்று மதினி என்னைத் திட்டினார். கேன் என் மடியில் இருந்தது. நிமிர்ந்து பார்த்தால், திட்டு பாதியாகிவிட்டது. நாங்கள் நடந்து வந்த இடத்தில் ஆறு இழுத்துக்கொண்டு ஓடியது. வீட்டுக்காரர் இறங்கிப் பார்த்தார். இடுப்பு நனைந்ததும் கால் நிற்கவில்லை, தட்டுத்தடுமாறித் திரும்பி வந்தார். அவருக்கும் நீச்சல் தெரியாது. மதினி குலதெய்வத்தைக் கூப்பிட ஆரம்பித்தார்.

எனக்கு வந்தது பயம் இல்லை, கோபம். கண்டம் கண்டம் என்று சொல்லி நீச்சல் பழகவிடாமல் செய்தார்களே, பழகியிருந்தால் இந்நேரம் நான் கரைக்குப் போய் ஆள் கூட்டி வந்திருப்பேனே என்று வயிறு எரிந்தது. தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. தார்ப்பாயை உருவி, இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கி வீசினேன். தோள் கழன்று விழுகிற மாதிரி வலித்தும் நிறுத்தவில்லை. கடைசியில் காலையில் பார்த்த அதே படகு எங்களை நோக்கித் திரும்பியது.

"ஏத்தம் ஏறுற நேரம், கடத்தண்ணி உள்ள வரும். இங்கன வந்து உக்காரச் சொன்னது யாரு?" என்று படகுக்காரர் சத்தம் போட்டார். முதலில் ஏறியது யார் என்று நினைக்கிறீர்கள்? மதினிதான், தூக்குவாளியோடு.

உட்கார்ந்து மூச்சு வந்ததும் மதினி, "நான் சொன்னேன்ல, சாதகம் பொய்யாகாது" என்றார். இத்தனை வருடமாகப் பெரியவர்களுக்கு எதிரே நான் வாய் திறந்ததில்லை. அன்றைக்குத் திறந்தேன்.

"சரி மதினி, சாதகம் பலிச்சிருச்சு. கண்டம் வந்துச்சு, போயிருச்சு. இனிமே எனக்கு என்ன பயம்? அண்ணே, கரைக்குப் போகாதீங்க. இப்படியே முகத்துவாரம் வரைக்கும் ஒரு சுத்து விடுங்க."

"இவுகள எறக்கிவிட்டுட்டுப் போவமா?" என்று கேட்டார் படகுக்காரர்.

"வேணாம். இவுகளும் வரட்டும்."

படகு போனது. மதினி தூக்குவாளியைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். வீட்டுக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் குனிந்து, யாரும் செம்பில் மொண்டு தராத தண்ணீருக்குள் முழங்கை வரை கையை விட்டேன். அழுகையாக வந்தது, அழுதேன்.

ஊர் திரும்பிய வாரமே பரளச்சியில் அண்ணன் தோட்டத்துக் கிணற்றில் இறங்கினேன். ஐம்பதை நெருங்குகிற பொம்பளை இடுப்பில் கேனைக் கட்டிக்கொண்டு தத்தளிப்பதைப் பார்க்க, கிணற்று மேட்டில் கூட்டம் கூடிச் சிரித்தது. சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கேனை அவிழ்த்துப் போட்டு மாதக்கணக்காகிறது. ஜாதகத்தில் இன்னொரு கண்டம் மிச்சம் இருந்தால் தாராளமாக வரட்டும். இந்தத் தடவை எனக்கு நீச்சல் தெரியும்.