சவரிமுத்து வீட்டுப் பின்சுவர்

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் நான் கொத்தனாராக இருந்தபோது ஒரு சுவர் என்னைப் படாத பாடு படுத்தியது.

தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன் சவரிமுத்துவின் வீடு அது. படுக்கையறைப் பின்சுவர் முழுக்கக் கறுப்பாகப் பூசணம். தொட்டால் கரி மாதிரி விரலில் ஒட்டும். அவருடைய சின்ன மகள் ஸ்டெல்லாவுக்கு ஓயாத இழுப்பு. மூச்சு வாங்கும்போது விலா எலும்பு தெரியும்.

"சுரண்டிட்டு சுண்ணாம்பு அடி, சரியாப் போயிடும்," என்றார் ஓவர்சியர். அடித்தேன். நாலு மழை பெய்ததும் திரும்ப வந்துவிட்டது. அடுத்த முறை சுண்ணாம்பில் பூசணத்தைக் கொல்லும் மயில்துத்தம் கலந்து அடித்தேன். கொஞ்ச நாள் வெள்ளையாக இருந்தது. பிறகு அதே இடத்தில் அதே கறுப்பு.

கூரையேறிப் பார்த்தேன், ஒழுக்கு இல்லை. பின்பக்கக் கால்வாயைத் தோண்டினேன், அடைப்பு இல்லை. பக்கத்து வீட்டில் அதே செங்கல், அதே காரை. அங்கே சுவர் காய்ந்து கிடந்தது. ஜன்னலைத் திறந்து வைக்கச் சொன்னேன்.

"நாளெல்லாம் தொறந்துதான் கெடக்கு, பாருங்கண்ணே," என்றார் சவரிமுத்துவின் மனைவி மேரி. உண்மைதான். எனக்குத் தலை சுற்றியது.

ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸரிடம், இழுப்புக்குச் சுவர் காரணமா என்று கேட்டேன். "சுவத்துக்கும் நெஞ்சுக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்றார்.

மேரி பிள்ளையைப் பக்கத்து ஊரான கிள்ளானில் தன் தங்கை வீட்டுக்குத் தூக்கிப் போனார். அங்கே இழுப்பு நின்றது. குணமாகிவிட்டது என்று நம்பித் திரும்பி வந்தார். வந்த சில நாளிலேயே மறுபடி இழுப்பு.

நான் உளியும் சுத்தியலுமாகப் போய் நின்றேன்.

"என்னண்ணே செய்யப் போறீங்க?"

"காரைய ஒடச்சு உள்ள பாக்கப் போறேன். காரணம் தெரியணும்லம்மா."

"காரணம் தெரியற வரைக்கும் எம்புள்ள மூச்சு விடாம இருக்கணுமா?"

உளியைக் கீழே வைத்துவிட்டு, அவர்களுக்கு வேறு வீடு கேட்டு ஓவர்சியரிடம் போனேன்.

"காரணம் இல்லாம எப்படிய்யா வேற வீடு கொடுக்கறது?" என்றார்.

"காரணம் எனக்குத் தெரியலைங்க. நீங்களே வந்து அந்தப் புள்ள பக்கத்துல கொஞ்ச நேரம் நில்லுங்க."

வந்தார். ஸ்டெல்லாவின் மூச்சில் வந்த விசில் சத்தத்தைக் கேட்டபடி நின்றார். மறுநாள் வரிசைக் கடைசியில் காலியாக இருந்த வீட்டின் சாவியைக் கொடுத்தனுப்பினார்.

அங்கே ஸ்டெல்லா தேறிவிட்டாள். பிறகுதான் சுவரை உடைத்தேன். செங்கல் உள்ளே ஊறிக் கிடந்தது. ஈரம் எங்கிருந்து வந்தது என்பதைக் கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை.

இந்த வேலைக்கு வரும் தம்பிகளுக்குச் சொல்கிறேன். சுவரை எப்போது வேண்டுமானாலும் உடைத்துப் பார்க்கலாம். முதலில் உள்ளே இருக்கிறவர்களை வெளியே கொண்டு வாருங்கள்.