மாலை போட்ட வீட்டில் தூண்டில்

பதினான்கு வயது மகள், "அம்மா, நீங்களும் வாங்களேன்" என்று கூப்பிட்டால், அது என்மேல் உள்ள ஆசையினாலா, அல்லது பெரியவர் யாராவது துணைக்கு வராவிட்டால் வீட்டில் அனுப்பமாட்டார்கள் என்பதாலா? அவள் கூப்பிட்டு இரண்டு மாதமாகிறது. எனக்கு இன்னும் விடை தெரியவில்லை. அவளிடம் கேட்கவும் பயம்.

டிசம்பர் லீவில் முதுகில் பையோடு மஸ்கெலியா பக்கம் நடந்துபோய், நீர்த்தேக்கக் கரையில் தூண்டில் போட்டு, ஒரு இரவு கூடாரத்தில் தங்க வேண்டும். இதுதான் அவள் ஆசை. நான் இருபது வயதில் தாயானவள். மகளோடு சேர்ந்தே வளர்ந்தேன் என்று சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள். ஆனால் இருவரும் வளர்ந்ததில் கூடாரம் அடிக்கும் பாடம் எங்கும் வரவில்லை.

ஆசிரியை என்பதால் திட்டம் போடுவதில் எனக்குக் குறைவில்லை. ஹட்டனிலிருந்து காலை பஸ். பிறகு தேயிலைக்கு நடுவே ரோட்டோடு மட்டும் நடை. கூடாரத்தை என் கணவரின் சித்தி குடியிருக்கும் தோட்டத்து லயத்தில், அவர் வீட்டு வாசலில் அடிப்பது.

"வாசல்லயா? அதுக்கு உள்ளயே போய் படுத்துக்கலாமே!"

"அதுவும் நல்ல யோசனைதான்."

"அம்மா!"

சிறுத்தை, குளவி, அட்டை மூன்றையும் நினைத்து நினைத்துப் பையை நிரப்பினேன். அட்டை ஏறாமல் காலில் தேய்க்கச் சவுக்காரக் கட்டியும் உப்பும். குளவிக்கு வலை வைத்த தொப்பி. சிறுத்தைக்கு எதுவும் தோன்றாததால் டார்ச் லைட் இரண்டு. பிறகு கம்பளி, குடை, காய்ச்சல் மாத்திரை, சின்ன குக்கர். மகள் தூக்கிப் பார்த்தாள்.

"கொழுந்துச் சாக்கே இதவிட லேசா இருக்கும்மா. இதுக்கு லொறிதான் வரணும்."

பழகிப் பார்க்கலாமென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையை நானே மாட்டிக்கொண்டு கோயில் மேட்டுக்கு ஏறினேன். எங்கள் பக்கத்தில் இவ்வளவு பெரிய பையோடு நடப்பவர்கள் ஒன்று வெள்ளைக்காரர்கள், இல்லையென்றால் வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்கள். பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னா டீச்சர், குவைத்தா? ஒரு வார்த்த சொல்லலியே! பிள்ளைய யாரு பாத்துக்குறது?"

"பிள்ளையோடதான் போறேன்க்கா. மீன் பிடிக்க."

அக்கா கையை விட்டார். "அதுக்கு குவைத்தே பரவால்ல" என்றார்.

நாள் பார்த்ததிலும் கவனமாகத்தான் இருந்தேன். பௌத்தர்களின் பௌர்ணமி நோன்பு நாளான போயா தினத்தில் ஊருக்கே லீவு. ஆனால் அன்று மீன் பிடித்தால் அங்கிருக்கும் சிங்களக் குடும்பங்களுக்கு மனம் நோகும். வெள்ளிக்கிழமை எங்களுக்கே ஆகாது. அதனால் ஒரு சனிக்கிழமையைக் குறித்தேன்.

இடையில் கார்த்திகை பிறந்தது. வருஷா வருஷம் போல என் கணவர் சபரிமலைக்கு மாலை போட்டார். கவிச்சி பட்ட சட்டிகளைக் கழுவிக் கட்டி மேலே ஏற்றியது நான். அவரைச் "சாமி" என்று கூப்பிடத் தொடங்கியது நான். தினமும் குளித்துவிட்டு அடுப்பு மூட்டியதும் நான்தான். அப்படியிருந்தும் போன வாரம் பையில் வைப்பதற்காக உட்கார்ந்து மசாலாத்தூள் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தேன்.

பூசை முடித்து வந்த கணவர், "இது என்னாத்துக்கு?" என்றார்.

"மீனுக்கு, சாமி."

"என்னா மீனு?"

"நாங்க பிடிக்கப்போற மீனுதான். அங்கயே பொரிச்சி, மிச்சத்த கொண்டாந்து..."

கறுப்பு வேட்டியும் நெற்றி நிறைய விபூதியுமாக அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் மலைக்குப் போய்த் திரும்பும்வரை மீன் எங்கள் வாசற்படி ஏற முடியாது. வெளியே தின்றுவிட்டு வரவும் வழியில்லை. வீட்டில் ஒருவர் மாலை போட்டால் எல்லோருக்கும்தான் விரதம்.

உண்மையைச் சொன்னால், முதலில் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. இனிச் சிறுத்தையும் இல்லை, குளவியும் இல்லை. மகளிடம் போய், "அடுத்த வருஷம் பாப்போம்மா" என்றேன்.

அவள் கத்தவில்லை. ஐஸ்கிரீம் டப்பாவில் மண்புழு சேர்த்து வைத்திருந்தாள். அதை எடுத்துப்போய் வேலியோரம் கொட்டினாள்.

"பரவால்லம்மா. அடுத்த வருஷம் நான் கேக்க மாட்டேன்."

அடுத்த வருஷம் தோழிகளைக் கூப்பிடுவாள். அதற்கடுத்த வருஷம் என்னிடம் சொல்லிவிட்டு மட்டும் போவாள். இதற்குச் சவுக்காரம், உப்பு எதுவும் கேட்காது. நேரே போய் பூசையறை வாசலில் நின்றேன்.

"சாமி, பிடிச்சிட்டு தண்ணியிலயே விட்டுட்டா?"

அவர் விபூதித் தட்டைக் கீழே வைத்தார். "கொக்கி குத்துமே?"

"குத்தும்."

"நான் அங்க வரலதானே?"

"இல்ல."

"அப்ப குளிச்சிட்டுத்தான் உள்ள வரணும். என்கிட்ட மீனு கத எதுவும் சொல்லக்கூடாது." பிறகு, "பெருசா ஏதாச்சும் மாட்டினா மட்டும் சொல்லுங்க" என்றார்.

மகளிடம் சொன்னேன். நம்பாமல் பார்த்தாள்.

"அப்ப ஒரு கண்டிஷன். பிடிக்கிறது நான். கொக்கிய கழட்டி விடுறது நீங்க."

"நானா?"

"பின்ன? என்கூட வேற யாரு வாராங்க?"

சரியென்று சொல்லிவிட்டேன். வருகிற சனிக்கிழமை போகிறோம். உயிருள்ள மீனை நான் இதுவரை தொட்டதில்லை. சந்தையிலேயே வெட்டிக் கழுவித் தரச் சொல்லி வாங்குகிறவள். துடிக்கும் மீனை எந்த இடத்தில் பிடிப்பது? கொக்கியை எந்தப் பக்கம் திருப்பினால் அதன் வாய் கிழியாது? கண்ணை மூடிக்கொண்டு செய்யலாமா? மகள் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். தெரிந்தவர்கள் சனிக்கிழமைக்கு முன் தயவுசெய்து எழுதுங்கள்.